இரண்டு காலையும் சமமாக வெட்டியவர்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை எல்லாரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கீழே வேலை செய்ய ஒரு ஈ காக்கா கிடையாது. எப்போதோ ஒரு கட்டட வேலையில் மேஸ்திரி வந்து, "இங்க கரண்டு வேலைக்கு யாரு சீஃப்?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் கரண்டு வேலைக்கு இருந்ததே இவர் ஒருவர்தான். அதனால் இவர் கையைத் தூக்கியிருக்கிறார். அந்தக் கை இன்னும் கீழே இறங்கவில்லை.

வேலை தெரியாதவர் என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வயரிங் செய்வதில் கெட்டிக்காரர்தான். சுவரில் அவர் அடித்த கிளிப்பு ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி வரிசையாக நிற்கும். குழாய் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பிடுங்கிவிட்டு மறுபடி அடிப்பார். பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேலை. லைட் எரிவது அதற்குப் பின்னால் தானாக நடக்கிற சமாசாரம். செய்து முடித்ததைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம்கூட அவரிடம் கிடையாது. கேட்டால், "என் வேலையை நானே சந்தேகப்படவா?" என்பார்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் கருவி கழுவுகிறேன். ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, கவ்வி, ஊசி பிடிக்கும் இடுக்கி எல்லாம் தட்டுத் தட்டாக எங்கள் அறைக்கு வரும். ரத்தத்தைத் தேய்த்துக் கழுவி, எண்ணி, துணியில் மடித்துக் கட்டி வைப்பது எங்கள் வேலை. அதை நீராவி மெஷினுக்குள் வைத்துப் பொத்தானை அழுத்துவது டெக்னீஷியன்களின் வேலை. பதினாலு வருஷமாகக் கழுவுகிறேன். அந்தப் பதினாலு வருஷத்தில் வந்துபோன ஆறு டெக்னீஷியன்களில் நாலு பேருக்கு, மெஷின் கதவின் ரப்பர் வளையம் தேய்ந்தால் எப்படித் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அவர்கள் எல்லாரும் பத்தாவது பாஸ். நான் பத்தாவதில் கணக்கிலும் அறிவியலிலும் கோட்டைவிட்டவள். அதனால் அவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், நான் பக்கத்தில் நின்று எதை அழுத்த வேண்டும் என்று சொல்வேன்.

போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்தாவது தேறியவர்கள் கழுவும் பிரிவிலிருந்து மெஷின் பக்கம் மாறலாம், வயது நாற்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு நாற்பத்துநாலு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரே ஒரு தேர்வுதான் கைக்கு எட்டும். அதைத் தவறவிட்டால் ஓய்வு பெறும்வரை ரத்தம் கழுவ வேண்டியதுதான். மகள் கல்யாணமாகிப் போனதில் வீட்டில் ஒரு மேசை காலியாக இருந்தது. மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

சீஃப் சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்ல ஒரு புள்ள பத்தாவது படிக்குது" என்று சொல்லி, அவர்கள் எந்தப் பிள்ளை என்று முழித்ததும் என்னைக் காட்டுவார். ஆறு மாதம் இதே நகைச்சுவை. ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

கணக்கை எழுதி முடித்தேன். அறிவியலில் எழுத்துத் தேர்வும் முடிந்தது. மிச்சம் இருந்தது செய்முறை. ஒவ்வொருவரும் ஒரு மாதிரியைச் செய்து எடுத்துக்கொண்டு போய்த் தேர்வாளர் முன்னால் இயக்கிக் காட்டி விளக்க வேண்டும். எனக்குச் சீட்டில் வந்தது எளிய மின்சுற்று. இரண்டு செல், ஒரு சுவிட்ச், ஒரு சின்ன விளக்கு, கொஞ்சம் கம்பி. சீட்டின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: மாதிரியை மாணவரே செய்திருக்க வேண்டும், பிறர் செய்தது என்று தெரிந்தால் மதிப்பெண் கிடையாது.

வகுப்பு வாத்தியார் என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். நான் சார் என்று கூப்பிட்டால் நெளிவார். பழைய டார்ச் பல்பெல்லாம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று சொல்லி, ஆளுக்கொரு எல்.இ.டி. கொடுத்தார். பட்டாணி அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ், அதன் கீழே கம்பி மாதிரி இரண்டு கால். ஒரு கால் நீளம், ஒன்று குட்டை. நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ், மாற்றி மாட்டினால் எரியாது, கரண்டு இதற்குள் ஒரு பக்கமாகத்தான் போகும் என்றார். பின் பெஞ்சில் இருந்த ஒரு லாரி டிரைவர், கால் உடைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டார். குமிழின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள், வட்டம் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும், அது மைனஸ் பக்கம் என்றார் வாத்தியார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் பழக்கம்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் என் சுற்றைச் செய்தேன். கம்பி முனைகளைப் பல்லால் கடித்து உரித்து, விரலால் முறுக்கி, டேப் சுற்றினேன். சுவிட்சுக்கு ஒரு சட்டை ஊக்கு. அதை அழுத்தினால் அடியிலிருக்கும் தகரத்தைத் தொடும். பார்க்கச் சகிக்காது. ஆனால் முதல் தடவை ஊக்கை அழுத்தியதும் அந்தக் குமிழ் பளிச்சென்று எரிந்தது, விட்டு விட்டு நாலு தடவை அழுத்திப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் வயர்மேன் வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், ஒரு விளக்கைக்கூட நான் எரிய வைத்ததில்லை. சுவிட்சைத் தட்டுவேன், எரியும். இது அப்படி இல்லை. இது ஏன் எரிகிறது என்று எனக்குத் தெரியும்.

தேர்வுக்கு முந்தைய நாள் நான் பகல் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே வார்னிஷ் வாடை அடித்தது. மேசையில் என் அட்டை மூடியைக் காணவில்லை. அந்த இடத்தில் இழைத்துப் பளபளவென்று ஒரு மரப் பலகை இருந்தது. அதில் வயரை உள்ளே மறைக்க வீட்டுச் சுவரில் அடிக்கிற வெள்ளை பிளாஸ்டிக் கேசிங், வீட்டுக்குப் போடுகிற பெரிய சுவிட்ச், தடியான சிவப்பு வயர், கறுப்பு வயர். நடுவில் ஒரு பித்தளைத் தட்டில் என் பட்டாணிக் குமிழ் பரிதாபமாக உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஸ்கேல் வைத்து அளந்து கிளிப்பு அடித்திருந்தார்.

அட்டையை எங்கே என்று கேட்டேன். பிரித்துவிட்டாராம். அதிலிருந்த விளக்கையும் செல் டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"ஊக்கு, டேப்பு, அட்டை. வயர்மேன் வீட்டுப் பொம்பள இதைத் தூக்கிட்டுப் போனா பாக்குறவன் என்ன சொல்வான்? என் பேரு என்னாவுறது?"

தேர்வு எனக்கு. பெயர் அவருக்கு. நான் எழுதப் போகிற தேர்வில் இவர் பெயர் எங்கே வருகிறது என்று கேட்கத் தோன்றியது. ஆனால் கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், அரைமணி நேரம் சொல்வார். எரிகிறதா என்று மட்டும் கேட்டேன். பழைய செல்லைத் தூக்கிப் போட்டாயிற்று, காலையில் புது செல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், வார்னிஷ் காயவில்லை, தொடாதே என்றார். மேசைப் பக்கமே போகவிடவில்லை. அன்றைக்கு நான் அழவில்லை. அழுகிற அளவுக்கு அந்த மனுஷனை மதிக்கவில்லை.

மறுநாள் என்னோடு தானும் வருவதாகக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் டெஸ்டர். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நறுவிசாக வந்ததாக ஞாபகமில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பலகையைத் தூக்கிக் காட்டினார். பள்ளிக்கூட வாசலில் புது செல் வாங்கிப் போட்டு, டப்பா மூடியை அழுத்தி மூடினார். சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா என்றேன். உள்ளே போய்ப் போட்டுக்கொள், அதற்கென்ன அவசரம் என்றார்.

சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் அது. ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கியிருந்தார்கள். குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி நாங்கள் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். வெளி ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் சீஃப் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேர்வாளர் ஓய்வு பெறுகிற வயதில் ஒரு அம்மா. தொண்டை கட்டியிருந்தது, வாயில் ஒரு மாத்திரையை ஒதுக்கியபடியே பேசினார். எனக்கு முன்னால் அந்த லாரி டிரைவர் தண்ணீர் வடிகட்டியைக் காட்டினார். அது ஒழுகியது. அந்த அம்மா ஏன் ஒழுகுகிறது என்று கேட்டார், அவர் சொன்னார், மதிப்பெண் போட்டுக்கொண்டார். ஒழுகினால் தப்பில்லை, ஏன் என்று தெரிந்தால் போதும் என்று எனக்குத் தைரியம் வந்தது.

என் முறை வந்தது. பலகையை வைத்ததும் அந்த அம்மாவின் புருவம் மேலே போனது. கேசிங்கை விரலால் தடவினார். கிளிப்பைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "போடுங்க" என்றார்.

போட்டேன். சுவிட்ச் வீட்டுச் சுவிட்ச், பெரிய மனுஷத்தனமாக டக்கென்று சத்தம் போட்டது. விளக்கு எரியவில்லை. மறுபடி போட்டேன். சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை.

"அழுத்திப் போடு" என்றார் ஜன்னலிலிருந்து சீஃப். அழுத்திப் போட்டேன். "அப்படி இல்ல, பட்டுனு போடு." பட்டென்று போட்டேன். அதற்குள் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டார். வாசலில் இருந்த பியூன் தடுக்கப் பார்த்தார். தேர்வாளர் அம்மா கையைக் காட்டி அவரை விடச் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஏதோ வேடிக்கை கிடைத்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சீஃப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். வீட்டுக் கரண்டைத் தொட்டால் கைப்பிடிக்குள் சிவப்பாக ஒளிருமே, அந்த டெஸ்டர். அதை எடுத்துச் செல் டப்பாவின் கம்பியில் வைத்தார். ஒளிரவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

"கரண்டே வரலீங்க. செல்லு செத்துப்போச்சு."

இரண்டு செல்லைத் தொட்டால் அந்த டெஸ்டர் இந்த ஜென்மத்தில் ஒளிராது. அது வீட்டுக் கரண்டுக்குச் செய்தது. மாலை வகுப்பில் மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துபோன விஷயம். இருபத்திரண்டு வருஷமாக அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிகிறவருக்குத் தெரியவில்லை. முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு ஒரு விதமான குளிர்ச்சி வந்தது. அவர் வெளியே ஓடிப்போய் வேறு இரண்டு செல் வாங்கி வந்தார். போட்டார். எரியவில்லை. டெஸ்டரை வைத்தார். ஒளிரவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். பிறகு விளக்கே போலி என்றார். அறையில் இருந்த மற்ற பதினேழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதை யார் செஞ்சது?" என்று கேட்டார் தேர்வாளர் அம்மா. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் சீஃப், நெஞ்சை நிமிர்த்தி. "இவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

அந்த அம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தார். சீட்டின் அடியில் இருந்த தடித்த எழுத்து வரி கண்முன்னால் நின்றது. ஒன்பது மாதப் படிப்பு, ஷிஃப்ட் முடிந்து கால் வீங்கி உட்கார்ந்து போட்ட கணக்கு, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டு மனுஷன் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார். கவிழ்த்தது தெரியவும் இல்லை. நான் செய்தேன் என்று பொய் சொன்னால், எரியாத ஒன்றைச் செய்தவள் ஆவேன். சும்மா இருந்தால் தோற்றுப்போவேன். அவரை விட்டுக்கொடுக்காமல் பேச வழி இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் ஒரு நிமிஷம் தேடினேன். பிறகு எதற்குத் தேட வேண்டும் என்று தோன்றியது.

"இது இவர் செஞ்சதுதாம்மா" என்றேன். "நான் செஞ்சது வேற. அது இதைவிட அசிங்கமா இருக்கும். ஆனா எரியும்."

அது எங்கே என்று கேட்டார். பிரித்துப்போட்டுவிட்டு அதிலிருந்த விளக்கையும் செல் டப்பாவையும்தான் இதில் வைத்திருக்கிறார் என்றேன். அந்த அம்மா மாத்திரையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அப்படியானால் இதைப் பிரித்து உங்களுடையதைச் செய்யுங்கள், இருபது நிமிஷம் தருகிறேன் என்றார். சீஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை நீட்டினேன்.

"அந்த டெஸ்டரைக் குடுங்க. ஸ்க்ரூ கழட்டணும்."

கொடுத்தார். என்ன நடக்கிறது என்று புரியாமல் கொடுத்தார். பியூன் அவரை வெளியே கூட்டிப்போய் மறுபடி ஜன்னல் பக்கம் விட்டார்.

பித்தளைத் தட்டைக் கழற்றினேன். விளக்கு என் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு காலும் ஒரே நீளத்தில் இருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று கோணலாக இருந்ததை மனுஷனுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கட்டிங் பிளேயரை வைத்து நீளக் காலை வெட்டி, குட்டைக் காலுக்குச் சமமாக்கியிருக்கிறார். எது பிளஸ், எது மைனஸ் என்று பார்த்ததும் சொல்லுகிற அடையாளத்தை, அழகுக்காக. வீட்டு லைட்டை எந்தப் பக்கம் மாட்டினாலும் எரியும். அதனால் இவருக்கு எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்.

நோட்டு ஞாபகம் வந்தது. குமிழின் அடி விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுற்றித் தடவினேன். வழுவழு, வழுவழு, பிறகு ஓரிடத்தில் நகம் தட்டையாக வழுக்கியது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். ஜன்னலில் சீஃப் முகம் இருந்ததால் வெளிச்சம் மறைந்தது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன். தள்ளி நின்றார். தட்டையான பக்கம் தெரிந்தது. அதுதான் மைனஸ்.

கேசிங்கைப் பிய்த்துப் போட்டேன். அந்தத் தடிச் சுவிட்சையும் பிய்த்தேன். பக்கத்துப் பெஞ்சிலிருந்த பெண் தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினாள். வயரை உரிக்கக் கத்தி இல்லை, பல்லால் கடித்தேன். அந்த வயர் வீட்டுச் சுவருக்குப் போடுகிற வயர், பல் கூசியது. தட்டைப் பக்கக் காலைக் கறுப்பு வயரிலும், மற்றதைச் சிவப்பு வயரிலும் முறுக்கினேன். கோணல்மாணலாக ஒன்று உருவானது. ஊக்கை அழுத்தினேன்.

எரிந்தது. பின் பெஞ்சில் லாரி டிரைவர் கை தட்டினார்.

தேர்வாளர் அம்மா ஏன் முன்னால் எரியவில்லை என்று கேட்டார். கரண்டு இதற்குள் ஒரு பக்கமாகத்தான் போகும், முன்னால் தலைகீழாக மாட்டியிருந்தது என்றேன். டெஸ்டர் ஏன் ஒளிரவில்லை என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடைசியாக விளக்கைத் தூக்கிப் பிடித்து, இதற்கு ஏன் இரண்டு காலும் சமமாக இருக்கிறது என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்கு மாத்திரை புரையேறியது. இருமி முடித்துவிட்டு, நாற்பதுக்கு முப்பத்தொன்பது போட்டார். அந்த ஒன்றை ஏன் குறைத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வரும்போது ஒன்றை யோசித்தேன், யோசித்து எரிச்சலாகவும் இருந்தது. அவர் சரியாக மாட்டியிருந்தால் விளக்கு எரிந்திருக்கும். அந்த அம்மா பலகையைப் பார்த்து, என் கையைப் பார்த்து, இது நீ செய்ததில்லை என்று பூஜ்யம் போட்டு அனுப்பியிருப்பார். மனுஷன் தப்பாகச் செய்ததால்தான் நான் பாஸானேன். உருப்படியாக அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான், அதையும் தெரியாமல் செய்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் அந்தப் பலகையை யாருக்கும் காட்டாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக்கூட ஒருவேளை மனுஷன் திருந்திவிடுவாரோ என்று பயம் வந்தது. தெருமுனை வந்ததும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். புது செல் சூடேற நேரமெடுக்கும், அதனால்தான் முதலில் எரியவில்லை, நீ கை வைத்த நேரம் பார்த்துச் சூடேறிவிட்டது என்றார். அதற்கு அடுத்த வாரம் தெருவில் கதை வேறு மாதிரி இருந்தது. தேர்வாளரே இவரை உள்ளே கூப்பிட்டுக் கையைக் குலுக்கினாராம். நான் பாஸானது சீஃப் செய்து கொடுத்த பலகையால்தானாம். எதிர்வீட்டு அக்கா என்னிடம் வந்து, "குடுத்து வச்சவ நீ" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

முடிவு வந்து, சான்றிதழ் வந்து, மெஷின் பக்கம் மாறினேன். மேலே போட ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். முதல் நாள் பொத்தானை அழுத்தியபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதை நான் ஏற்கெனவே பதினாலு வருஷம் வாயால் அழுத்தியிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம். எனக்கு விடுமுறை. கோட்டைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தேன். சீஃப் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அலமாரித் தட்டுகளுக்கு அடியில் ரிப்பன் மாதிரி நீளமாக வருகிற எல்.இ.டி. விளக்கு போடும் வேலை எடுத்திருந்தார். அந்த மாதிரி வேலையைப் பொம்மை வேலை என்று இவ்வளவு நாள் தட்டிக்கழித்தவர். இப்போதெல்லாம் கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஐந்து தட்டில் இரண்டு எரிகிறது, மூன்று எரியவில்லை. இரண்டு நாளாகக் கழற்றி மாட்டுகிறார். மாலைக்குள் எரியாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் அவர் நேராகச் சொல்லவில்லை. கடைக்காரனைத் திட்டுகிற சாக்கில், பொருளைத் திட்டுகிற சாக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"அன்னைக்கு அந்தச் சின்ன லைட்டுல எது எந்தப் பக்கம்னு... நீ என்னமோ பண்ணியே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதுதான் உங்களுக்குத் தெரியுமே, புது செல் சூடேற நேரமெடுக்கும் என்றேன். அவர் எழுந்து வாசல்வரை போனார். செருப்பை மாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"தெரியலன்னு சொல்லுங்க. சொல்லித் தரேன்" என்றேன்.

சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் அவர் அடித்த கிளிப்புகள்தான் வரிசையாக இருந்தன.

"தெரியல" என்றார்.

எனக்கு நன்றாகவே கேட்டது. "என்ன?" என்றேன்.

"தெரியலடி."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கிய விதம் மட்டும் எனக்குப் புதிதாக இல்லை. அது என் முகம். பேங்க் பாரத்தில் எதை எங்கே எழுதுவது என்று கேட்டு நின்றபோது, மகளின் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் நோட்டீஸில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு நின்றபோது, இந்த மனுஷன் முன்னால் நான் அந்த முகத்தோடுதான் நின்றேன். அவரும் ஒவ்வொரு தடவையும் காதில் விழாத மாதிரி, "என்ன, சத்தமா சொல்லு" என்பார். கட்டின பெண்டாட்டியை இப்படிக் கெஞ்ச வைப்பதில் ஒருவருக்கு என்னதான் கிடைக்கும் என்று நான் யோசித்து யோசித்து அலுத்திருக்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்ல வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக எனக்கு வெட்கமும் வரவில்லை.

பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "புரியுதா?" என்று கேட்டுக் கேட்டு.